கூதிர்கால மலைவழி

நுழையும்முன்

மலையைத் தொலைவிலிருந்து காண்பது ஒருவகை இன்பம். அதன் சிறுவழியில் நடந்து காண்பது மற்றொருவகை அறிவு. தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது, மலைக்குரியதாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்தனர். மழை பெய்து, வாடை வீசி, பனி இறங்கும் அப்பருவத்தில் மலைவழியே நடப்பவர் எதனைக் காண்கிறார்? எதனைக் கற்றுக்கொள்கிறார்? எதனைக் காக்கும் கடமை அவருக்கு உண்டு? நீலகிரி மலையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

குறிஞ்சியும் கூதிரும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு யாமம் சிறுபொழுதாகும். கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதுகளாகும். கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களைக் குறிக்கும். குளிரை உணர்த்தும் ‘கூதல்’ என்னும் சொல் இன்றும் பேச்சுவழக்கில் உயிருடன் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று இப்பருவத்தின் அடையாளம். இன்றைய வானிலை அறிவியல் வடகிழக்குப் பருவமழைக்காலம் என்று வழங்குவதும் ஏறத்தாழ இக்காலத்தையே.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இப்பருவத்தைக் களமாகக் கொண்ட நூல். வெள்ளத்துக்கு அஞ்சி ஆயர்கள் தம் நிரைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் செல்வதையும், கைகளில் கொள்ளி ஏந்திக் குளிர்காய்வதையும் நக்கீரர் அதில் காட்டுகிறார். கூதிர் நம் முன்னோருக்கு வெறும் நாள்காட்டிக் கணக்கு அன்று. உடலால் உணர்ந்த பருவம் என்பதற்கு இந்நூலே சான்று.

இலையுதிர்காலமும் கூதிர்காலமும்

செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்தை ‘இலையுதிர்காலம்’ என்று மொழிபெயர்ப்பு நூல்களில் படிக்கிறோம். ஐரோப்பா, சப்பான், இமயச் சாரல் போன்ற பகுதிகளுக்கு இப்பெயர் முற்றும் பொருந்தும். அங்குப் பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது, அகன்ற இலைமரங்கள் பல தம் இலைகளிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து அதன் சத்துகளைத் தண்டுக்குள் ஈர்த்துக்கொள்கின்றன. அதுவரை பச்சை நிறத்தால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளிப்படுகின்றன. சில மரங்களில் செந்நிறமிகள் புதிதாகவும் உருவாகின்றன. பின்னர் இலைக்காம்பின் அடியில் ஓர் அடுக்கு தோன்றி இலையைப் பிரித்துவிடுகிறது. சப்பானியர் இந்நிற மாற்றத்தைக் காண்பதற்கென்றே மலைகளுக்குச் செல்வதை நெடுநாள் மரபாகக் கொண்டுள்ளனர்.

தமிழ்நாட்டு மலைகளில் நிலைமை வேறு. இங்குக் கூதிர்காலம் இலை உதிரும் காலம் அன்று. நீர் சேரும் காலம். அடிவாரத்துத் தேக்கு போன்ற மரங்கள் இலை உதிர்ப்பதும் குளிரால் அன்று, நீர்க்குறையால். அது பெரும்பாலும் மழைக்காலத்துக்குப் பிறகு வரும் வறண்ட திங்கள்களில் நிகழ்கிறது. உச்சியிலுள்ள சோலைகளோ ஆண்டு முழுவதும் பசுமை மாறாதவை. அவற்றிலும் செந்நிறத்தைக் காணலாம். ஆனால் அது முதிர்ந்த இலையின் நிறமன்று, புதிதாய்த் துளிர்த்த தளிரின் நிறம். எனவே நம் கூதிர்கால மலைவழியில் நடப்பவர் காண வேண்டியது உதிரும் இலையை அன்று. மண்ணுக்குள் இறங்கும் மழைத்துளியை.

அடிவாரத்திலிருந்து உச்சிக்கு

மலையேறுபவர் ஒரே நாளில் பல நிலங்களைக் கடக்கிறார். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும், உதகை ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் குறையும் என்பது பொதுவிதி. அதன்படி இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 டிகிரி வேறுபாடு உண்டாகிறது. சமவெளியில் வியர்வை சிந்தியவர் மலைமேல் போர்வை தேடுவதற்கு இதுவே காரணம்.

வெப்பம் குறையக் குறையத் தாவரங்களும் மாறுகின்றன. அடிவாரத்தில் முட்புதர்க்காடு, அதற்குமேல் இலையுதிர் காடு, இன்னும் ஏறினால் ஓங்கிய மரங்களும் தேயிலைத் தோட்டங்களும், உச்சியில் புல்வெளியும் சோலையும். நீலகிரியின் மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுகிறது. மேற்கிலுள்ள அவலாஞ்சியில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை பதிவானது. கிழக்கே உள்ள கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளுக்குக் கூதிர்கால மழையே பெருந்துணை. இவ்வாறு இரு பருவமழைகளையும் மலை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட நீரை அது எவ்வாறு வைத்துக்கொள்கிறது என்பதே அடுத்து நாம் அறியவேண்டுவது.

நீரின் கருவூலம்

உயர்மலையின் வட்டமான முகடுகளில் புல் படர்ந்திருக்கும். முகடுகளுக்கு இடைப்பட்ட மடிப்புகளில் மரங்கள் செறிந்திருக்கும். அம்மரத்தொகுதியே சோலை. ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல்லை தாவரவியலாளர் இவ்வகைக் காட்டின் பெயராகவே ஏற்று வழங்குகின்றனர்.

சோலைக்குள் நுழைந்ததும் ஒளி மங்குகிறது, காற்று அடங்குகிறது. நாவல் இனத்தையும் செண்பக இனத்தையும் சேர்ந்த மரங்கள் உயரத்தில் குறுகிக் கிளைகள் முறுகி நிற்கின்றன. அவற்றின் உடலெங்கும் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் ஒட்டி வளர்கின்றன. மழை இங்கே நேராகத் தரையைத் தாக்குவதில்லை. முதலில் இலைக்கவிகை அதனைத் தாங்குகிறது. பிறகு கிளைவழியும் அடிமரவழியும் நீர் மெல்ல வழிகிறது. பாசி அதனை உறிஞ்சுகிறது. தரையில் மக்கிக் கிடக்கும் இலைப்படுகை கடற்பஞ்சுபோல் ஏற்கிறது. அங்கிருந்து மண்ணுக்குள் சிறிது சிறிதாக இறங்குகிறது. மழை நின்று பலநாள் சென்றபின்னும் பள்ளத்தாக்கில் ஊற்றாகக் கசிவது இந்நீரே.

முகட்டிலுள்ள புல்வெளியின் பணியும் குறைந்ததன்று. புல்லின் அடர்ந்த நார்வேர்கள் மண்ணை இறுகப் பற்றுகின்றன. பெருமரங்களைப்போல் அவை நீரை மிகுதியாகப் பருகி ஆவியாக்குவதில்லை. எனவே பெய்த மழையில் பெரும்பங்கு மண்ணுக்கும் பள்ளத்திலுள்ள சதுப்புக்கும் ஓடைக்கும் சென்றுசேர்கிறது.

கோத்தகிரியை அடுத்துள்ள லாங்வுட் சோலை இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புடைய இச்சோலையிலிருந்து ஊறிவரும் நீர் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குக் குடிநீராகிறது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971ஆம் ஆண்டு ஈரானின் ராம்சர் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. அதன் பட்டியலில் 2024ஆம் ஆண்டு லாங்வுட் சோலை இடம்பெற்றது. ஏரிகளும் கழிமுகங்களும் இடம்பெறும் பட்டியலில் ஒரு மலைக்காடு சேர்க்கப்பட்டது ஏன் என்று வியக்கலாம். காடு என்பது நிற்கும் மரங்களின் கூட்டம் மட்டுமன்று. தேங்கி நிற்கும் நீரும் ஆகும் என்பதே அதற்கு விடை.

தெரிந்து தெளிவோம்

மலையையும் அதன் உறுப்புகளையும் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன.
சாரல் – மலைச்சரிவு
அடுக்கம் – மலைப்பக்கம்; அடுக்கடுக்காய் அமைந்த மலை
சிமயம் – உச்சி
விடர் – பிளவு
முழை – குகை
சுனை – பாறையிடத்து நீர்நிலை
அதர் – வழி

மாறுவேடமிட்ட பசுமை

பசுமையாகத் தோன்றுவன எல்லாம் நன்மையல்ல. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நீலகிரிக்கு வந்தவர்கள், மரமற்ற புல்வெளியைப் பயனற்ற வெற்றுநிலமாகக் கருதினர். 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவும் தோல் பதனிடுவதற்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகைமரமும் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் தொழிற்சாலைத் தேவைக்காக அவை பெருமளவில் நடப்பட்டன. சீகையின் விதைகள் மண்ணில் நெடுங்காலம் உயிருடன் கிடந்து முளைக்க வல்லவை. ஆகவே நட்ட இடத்தோடு நில்லாமல் அது தானாகவே புல்வெளிக்குள் பரவியது.

புல்வெளி என்பது மனிதர் மரங்களை அழித்ததால் உண்டான நிலம் என்று பலர் எண்ணியிருந்தனர். இக்கருத்தை ஆராய்வதற்கு அறிவியலறிஞர் ரா. சுகுமாரும் அவர்தம் குழுவினரும் நீலகிரிச் சதுப்புகளின் அடியிலுள்ள பழைய மண்படிவுகளை எடுத்து ஆய்ந்தனர். வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலானவற்றுக்கும் மரங்களுக்கும் கரிமத்தின் இருவகை அணுக்கள் சேர்ந்திருக்கும் விகிதம் வேறுபடும். மக்கிய மண்ணில் அவ்விகிதத்தை அளந்தால், அக்காலத்தில் அங்கு நின்றது புல்லா மரமா என அறியலாம். அவ்வாறு அறிந்த முடிவுகள் 1993ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாக, தட்பவெப்பம் மாறுவதற்கேற்பப் புல்வெளியும் காடும் இம்மலையில் விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளன என அவை காட்டின. புல்வெளி அழிந்த காடு அன்று. காட்டைப் போன்றே தொன்மையான உயிர்ச்சூழல்.

புல்லுக்கு மாற்றாக மரம் நட்டதன் விளைவு நீரில் தெரிந்தது. நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில், அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு, மற்றொன்றில் ஒரு பகுதியில் தைலமரம் வளர்த்தனர். 1972 முதல் பத்தாண்டுகள் அளந்து பார்த்ததில், தைலமரம் வளர்ந்த பகுதியிலிருந்து வெளிவந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்திருந்தது. பழனிமலையில் 1973க்கும் 2014க்கும் இடையே உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு வெளிப்படுத்தியது.

இம்மாற்றத்தால் இழப்பு நேர்ந்தது நீருக்கு மட்டுமன்று. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு புல்வெளியை நம்பி வாழ்வது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியும் அங்கேயே வளர்வது. தோடர்கள் தம் எருமைகளை மேய்ப்பதும், கோவில்களுக்குக் கூரை வேய்வதற்குரிய புல்லைப் பெறுவதும் இந்நிலப்பரப்பிலிருந்தே. புல்வெளி சுருங்கும்போது இவையனைத்தும் ஒருங்கே சுருங்குகின்றன. இன்று அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் பணிகள் நடைபெற்று வருகின்றன.

மலைவழி காட்டிய நூல்

மலைவழியில் செல்வோருக்கு அறிவுரை கூறும் இலக்கியம் தமிழில் ஈராயிரம் ஆண்டு மரபுடையது. பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உடையது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன், எதிர்வரும் கூத்தர்களுக்கு வழிகூறும் பாங்கில் இந்நூல் அமைந்துள்ளது.

அவ்வழிகாட்டுதல் வெறும் புகழ்ச்சி அன்று. பன்றிகளுக்கு வைத்த பொறிகள் இருப்பதால் விடிந்தபின் கடக்க வேண்டிய இடங்கள், பாம்புகள் உறையும் குழிகள், புனங்காவலர் எறியும் கவண்கற்கள் வந்துவிழும் பகுதிகள், கால்வழுக்கும் பாறைகள் என இடர்களை ஒன்றன்பின் ஒன்றாக அது எடுத்துரைக்கிறது. எங்கே தங்கலாம், யார் விருந்தளிப்பர் என்பதையும் சொல்கிறது. நடந்து அறிந்தவர், நடக்கவிருப்பவருக்குத் தரும் அனுபவ அறிவே அதன் உள்ளடக்கம்.

அந்நூலின் பெயர்க்காரணமும் கருதத்தக்கது. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் மலைபடுகடாம் எனப் பெயர் பெற்றது. அருவியின் ஒலி, கிளியோட்டும் மகளிரின் குரல், உலக்கைப் பாட்டு, யானையின் முழக்கம் எனப் பல ஓசைகளை அப்புலவர் தனித்தனியே பிரித்துக் கேட்டிருக்கிறார். பேசாமல் நடந்தவராலேயே இவ்வாறு கேட்க இயலும்.

நடையும் நெறியும்

மலைவழியின் அமைப்பைப் புரிந்துகொண்டால், அதில் நடக்கும் முறையும் தானே விளங்கும். நல்ல மலைப்பாதை செங்குத்தாக ஏறுவதில்லை. சரிவின் குறுக்கே வளைந்து வளைந்து ஏறுகிறது. இதனால் நடப்பவரின் மூச்சு வாங்குவது குறைகிறது. அதனினும் முதன்மையான பயன் வேறொன்று உண்டு. பாதையில் விழும் மழைநீர் வேகம் பெறாமல் பக்கவாட்டில் வழிந்து புல்லுக்குள் செல்கிறது. வளைவைத் தவிர்த்துக் குறுக்கே இறங்குவோர், சரிவின் போக்கிலேயே புதுத்தடம் ஒன்றை உண்டாக்குகின்றனர். அடுத்த மழையில் நீர் அத்தடத்தைப் பற்றி விரைந்து பாய்கிறது, மண் அரிக்கிறது, தடம் வாய்க்காலாகிறது, வாய்க்கால் ஓடையாகிப் பாதையையே அறுத்துவிடுகிறது. பத்து நிமிடம் மிச்சப்படுத்த நினைத்த காலடி, பல்லாண்டு சேர்ந்த மண்ணை இழக்கச் செய்கிறது.

கூதிர்காலத்துக்கே உரிய இடர்களும் உண்டு. நீரால் நிறைந்த சரிவு தன் எடை தாங்காமல் பெயர்வதே நிலச்சரிவு. 2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையால் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் மலைவழியைத் தவிர்ப்பது கோழைமை அன்று, அறிவுடைமை. நண்பகலுக்குப் பின் பனிமூட்டம் இறங்கினால் சில அடி தொலைவிலுள்ளதும் தெரியாது. பொழுதும் விரைவில் சாயும். விடியலில் புறப்பட்டு, மூட்டம் சூழுமுன் திரும்புவது நல்லது. பாசி படிந்த பாறையில் கால்வைக்குமுன் உறுதியை நோக்குதல், அட்டைக்கடியிலிருந்து காக்கக் கால்களை மூடிய உடை அணிதல், மழைச்சட்டையும் உலர்ந்த மாற்றுடையும் எடுத்துச்செல்லுதல் ஆகியன இன்றியமையாதன.

அமைதி காப்பது மலைவழியின் தலையாய நெறி. அது விலங்குகளுக்கு நாம் செய்யும் உதவி மட்டுமன்று, நமக்கே பாதுகாப்பு. மூங்கில் முறியும் ஓசையைக் கேட்டவர் யானை அருகில் நிற்பதை அறிந்து விலகுவார். உரத்த இசையோடு செல்பவர் அதனருகிலேயே சென்று நிற்பார். கண்ணுக்குத் தெரியாத ஓடையும் காதுக்குத் தெரியும். சோலையில் கருமந்தியின் முழக்கமும் நீலகிரிச் சிரிப்பானின் கூவலும் வந்துபோகும். இடையிடையே எஞ்சும் அமைதியில், இலைநுனியிலிருந்து சொட்டும் நீரின் ஒலிதான் கூதிர்கால மலையின் உண்மையான குரல்.

இன்றைய மலையேற்றம்

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்துக்குப்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 40 மலைவழிகளை இணையவழி முன்பதிவுடன் வனத்துறை பொதுமக்களுக்குத் திறந்தது. மலையையே வாழிடமாகக் கொண்ட பழங்குடி இளைஞர்கள் இத்திட்டத்தில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுள்ளனர். எத்தடம் யானையின் வழித்தடம், எவ்வோடை திடீரெனப் பெருகும் என்பனவற்றை நிலப்படத்தைவிட நன்கறிந்தவர்கள் அவர்களே. மலைபடுகடாம் காட்டும் வழிகாட்டி மரபு இன்றும் தொடர்கிறது எனலாம்.

நீலகிரியின் பெரும்பாலான ஓடைகள் மோயாற்றிலும் பவானியிலும் கலந்து, பவானிசாகர் அணையில் தேங்கி, ஈரோட்டு வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியவை காவிரியில் சேர்கின்றன. மலையைக் கண்ணால் காணாதவரும் மலையின் நீரைப் பருகுகின்றனர். பங்குனி, சித்திரையில் சமவெளிக் குழாயில் வரும் நீர், ஐப்பசி, கார்த்திகையில் ஏதோ ஒரு புல்வேரும் சோலைமண்ணும் சேமித்து வைத்த நீராக இருக்கலாம். கூதிர்காலத்தில் மலைவழி நடப்பவர் அச்சேமிப்பு நிகழும் இடத்தின் ஊடாகவே நடக்கிறார். காலடி பதியும் மண் எத்தகையது என அறிந்து நடத்தலே மலையேற்றத்தின் பயன். வந்த வழியில் குப்பையையும் குறுக்குத்தடத்தையும் விட்டுச்செல்லாமல் மீள்வதே அதன் அறம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு வரும் குடிநீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது? அவ்வாறு தோன்றும் இடம்வரை பின்தொடர்ந்து ஒரு வழிப்படம் வரைக.
2. உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மரஞ்செடிகளிலும் நீர்நிலைகளிலும் ஏற்படும் மாற்றங்களை நாள்தோறும் குறித்து, வகுப்பறையில் பகிர்க.
3. மலையேற்றம் செல்வோருக்கான பத்து நெறிகளைப் பதாகையாக எழுதிக் காட்சிப்படுத்துக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகள் யாவை?
2. மலைபடுகடாம் – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா
1. இலையுதிர்காலத்தையும் கூதிர்காலத்தையும் ஒப்பிடுக.
2. மலைப்பாதையின் வளைவுகளைத் தவிர்த்துக் குறுக்கே இறங்குவதால் விளையும் தீமைகளை விளக்குக.

நெடுவினா
‘புல்வெளி வெற்றுநிலம் அன்று’ என்னும் கருத்தைச் சான்றுகளுடன் நிறுவுக.